இலையுதிர்ந்த மரத்துக்கு வைத்தியம்: நீலகிரித் தோட்டம் ஒன்றில் இரண்டு கேப் செஸ்ட்நட் கன்றுகள்

பின்னணி

குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே, பெரிய சாலையை விட்டு இறங்கும் பள்ளத்தாக்கு ஒன்றில் இருக்கிறது இந்தத் தோட்டம். உயரம் சுமார் 2,000 மீட்டர். மொத்தம் 22 சென்ட், மூன்று மட்டமாக வெட்டிய சரிவு நிலம். மேல் மட்டத்தில் வீடு, நடுவில் பூச்செடிகள், கீழ் மட்டத்தில் கேரட்டும் பீன்ஸும். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கரூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், மலையிலேயே தங்கிவிட்டார். வாரத்தில் மூன்று நாள் வரும் தோட்டக்காரர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், காய்கறி விவசாயத்திலேயே ஊறியவர். நான் சிறிய நாற்றங்கால் ஒன்று வைத்திருப்பவன். அழைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

2014-இல் ஆசிரியைக்குத் தெரிந்தவர் ஒருவர், பழைய பங்களா ஒன்றின் வளாகத்திலிருந்து ஐந்து விதைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். கறுத்து, பட்டை தீட்டினாற்போல் மூலைகளுள்ள பெரிய விதைகள். கூடவே வெடித்த காய் ஒன்றும் இருந்தது. ஐந்து பிளவாக, மேலெல்லாம் மருமருவாக, மரத்தில் செதுக்கியது போன்ற காய். கேப் செஸ்ட்நட் என்று பெயர் சொல்லப்பட்டது. தாவரவியல் பெயர் கேலோடென்ட்ரம் கேப்பென்ஸ். செஸ்ட்நட்டுக்கும் இதற்கும் உறவே இல்லை. இது நாரத்தை, எலுமிச்சை, கறிவேப்பிலை குடும்பத்தைச் சேர்ந்தது. இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். கசக்கி முகர்ந்தால் குடும்பம் புரிந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து வடக்கே கென்யா வரை, மலைக்காடுகளிலும் ஓடையோரங்களிலும் வளரும் மரம் இது. வெட்டவெளியில் 7 முதல் 10 மீட்டர், காட்டுக்குள் 20 மீட்டர் வரை போகும். 1770-களில் அங்கே செடிகொடி சேகரித்த சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் தூன்பர்க், உயரத்தில் பூத்திருந்த கிளையை எடுக்க முடியாமல் துப்பாக்கியால் சுட்டுத்தான் வீழ்த்தினாராம். ‘கேலோடென்ட்ரம்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. கிரேக்கத்தில் ‘அழகிய மரம்’ என்று பொருள். பூ இளஞ்சிவப்பு. ஐந்து ஒல்லியான இதழ்கள், அவற்றுக்கு நடுவே கருஞ்சிவப்புப் புள்ளி தெளித்த, இதழ் போன்ற ஐந்து மலட்டு மகரந்தத்தாள்கள். ஆசிரியைக்கு ஆசை வந்தது அந்தப் பூவின் படத்தைப் பார்த்துத்தான்.

இந்த நிகழ்வுக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இது இலையுதிர்க்கும் மரம், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உதிர்ப்பதில்லை. குளிரும் வறட்சியும் கூடினால் மொட்டையாகிவிடும். வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஏறக்குறையப் பசுமையாகவே நிற்கும். விதை கொடுத்தவர் இதைச் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று இவருக்கும் தோன்றவில்லை.

நட்டது

ஐந்தில் மூன்று முளைத்தன. ஒன்றை நத்தை தின்றது. மீதி இரண்டும் பாலித்தீன் பையில் இரண்டு வருடம் இருந்தன. இரண்டு வருடம் என்பது அதிகம். ஆணிவேர் பையின் அடியில் போய் முட்டி வளைந்துவிடும். 2016 ஜூனில், தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், இரண்டையும் நிலத்தில் வைத்தார்கள். அப்போது முழங்காலுக்குச் சற்று மேல் உயரம்.

முதல் கன்று கீழ் மட்டத்தில், கேரட் பாத்தியின் ஓரமாக. அங்கே மண் கறுப்பாக, கொழுப்பாக இருந்தது. சமையலறைத் தண்ணீர் குழாய் வழியாக அங்கேதான் வந்து விழும். அதற்குக் கீழே வேலி ஓரமாக, ஆள் உயரத்துக்கு நெருக்கமாக வளர்ந்த சைப்ரஸ் வரிசை. இரண்டாவது கன்று வீட்டுக்குப் பக்கவாட்டில், தடுப்புச்சுவருக்கு 12 அடி தள்ளி, கல்லும் செம்மண்ணும் கலந்த சரிவில். “இடம் மிச்சமா இருந்துச்சு, வெச்சோம்” என்பதுதான் இரண்டாவதற்குச் சொல்லப்பட்ட காரணம். நல்ல கன்று, நல்ல மண்ணுக்குப் போயிற்று. சோப்ளாங்கிக் கன்று மேலே போயிற்று.

முதல் பனிக்காலம்

2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பொய்த்த வருடம். வழக்கமான அளவில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைவு. நவம்பரிலேயே மண் காய்ந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு கன்றுகளும் மஞ்சள் காட்டின. மார்கழி பிறப்பதற்குள் இரண்டும் மொட்டை.

“டீச்சரம்மா, ரெண்டும் போயிருச்சுங்க போல” என்றிருக்கிறார் தோட்டக்காரர்.

“தண்ணி பத்தலையாண்ணா? நாளையிலேர்ந்து ரெண்டு நேரமும் ஊத்திப் பாருங்க.”

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலையில் நம்மைச் சுற்றி இருப்பது தேயிலை, சைப்ரஸ், யூகலிப்டஸ், சோலை. எதுவும் ஒட்டுமொத்தமாக மொட்டையாவதில்லை. சோலை மரம் பழைய இலையை உதிர்ப்பதற்குள் செந்தளிர் வந்துவிடுகிறது. கண் அதற்கே பழகிப்போய்விட்டது. ஆனாலும் ஆசிரியை கரூர்க்காரர். மாசியில் உதிர்ந்து பங்குனியில் துளிர்க்கும் வேம்பின் அடியில் வளர்ந்தவர். பிற்பாடு இதை நான் சொன்னபோது, “அது வேப்பமரம், அதுக்கு அது வழக்கம். இது காசு குடுத்தாலும் கிடைக்காத மரமாச்சே” என்றார். அருமையான மரம் என்பதாலேயே சும்மா விட முடியவில்லை.

அடுத்த எட்டு வாரத்தில் நடந்தவற்றை அவர் நாட்குறிப்பிலிருந்து எடுத்தேன். தினமும் இரு வேளை தண்ணீர். டிசம்பர் கடைசியில் கடலைப்பிண்ணாக்குக் கரைசல், இரண்டு முறை. கீழ்க் கன்றில் தண்டின் நடுப்பகுதியில் ஜனவரி நடுவில் துளிர் வந்தது. “பொழச்சுக்கிச்சு” என்று எழுதியிருக்கிறார், பக்கத்தில் சூரியன் படம் ஒன்று வரைந்து. நாலாம் நாள் உறைபனி. விடியும்போது கேரட் பாத்தியே வெள்ளை வெளேர் என்று கிடந்ததாம். துளிர் வெயில் ஏறுவதற்குள் வெந்த கீரைபோல் தொங்கியது. கருகிய நுனியை அன்றே வெட்டினார்கள். வெட்டுக்குக் கீழே மறுபடி துளிர். பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடி பனி, மறுபடி வெட்டு. இலை நோய் என்று உரக்கடையில் சொல்லக் கேட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு கரைசலை அடியில் ஊற்றினார்கள்.

மேல் கன்றுக்கு இதில் பாதிதான் நடந்தது. படியேறிக் குடம் தூக்க முடியாமல் தோட்டக்காரர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் ஊற்றியிருக்கிறார். பிண்ணாக்குக் கரைசல் ஒருமுறைதான் மேலே போனது. அது துளிர்க்கவில்லை. அதனால் அது செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கீழே இருப்பதைக் காப்பாற்றத்தான் என்னை அழைத்தார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது

2017 மார்ச் இரண்டாம் வாரம் போனேன். முதலில் மேலே இருந்ததைப் பார்த்தேன். கையகல உயரத்துக்கு ஒன்றாகத் தண்டில் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். நுனி வரைக்கும் பட்டைக்கடியில் ஈரப்பச்சை. எதிரெதிராக இருந்த இலைத் தழும்புகள் ஒவ்வொன்றும் சுத்தமாக, வழவழப்பாக ஆறியிருந்தன. தழும்புக்கு மேலே கடுகு அளவில் பழுப்பு மொட்டு, இறுக்கமாக மூடியபடி. உயிருள்ள மரம், தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

இலையை உதிர்ப்பது மரம் முனைந்து செய்யும் வேலை. காம்பின் அடியில் பிரிபடலம் ஒன்றை உண்டாக்கி, அங்கே தக்கைபோல் அடைத்துவிட்டுத்தான் இலையைக் கழற்றிவிடுகிறது. திடீரென்று செத்த கிளையால் அதைச் செய்ய முடியாது. அதனால்தான் ஒடிந்த கிளையிலும், வேர் அழுகித் திடுமெனக் காய்ந்த செடியிலும் இலை சருகாகிப் பல நாள் ஒட்டிக்கொண்டே இருக்கும். சுத்தமாகக் கொட்டியிருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. காய்ந்த இலை கொட்டாமல் தொங்கினால்தான் பயப்படவேண்டும். அன்று அந்த வீட்டில் இதைச் சொன்னபோது தோட்டக்காரர், “அப்ப நாம உசுரோட இருந்ததைத்தான் செத்துதுன்னோமுங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கீழ்க் கன்று வேறு கதை. தரையிலிருந்து ஒரு சாண் வரை மட்டுமே பச்சை. அதற்கு மேல் காப்பிப்பொடி நிறம். அடித்தண்டைச் சுற்றி மண்ணை விலக்கினேன். மண் பிடித்தால் பிடியாக நின்றது, புளித்த மாவு வாடை அடித்தது. விரல் தடிமன் வேர் ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுத்தபோது, மேல்தோல் உறைபோலக் கழன்று என் விரலில் வந்தது. உள்ளே நூல்போல நடுநரம்பு மட்டும் மிஞ்சியது. காற்றில்லாத ஈரமண்ணில் வரும் வேரழுகலின் அடையாளம் இது. இலையில்லாத மரம் தண்ணீரை வெளியே விடுவதில்லை. ஊற்றியது அத்தனையும் குளிர்ந்த மண்ணில் அப்படியே நின்றது. போதாததற்குச் சமையலறைத் தண்ணீர் வேறு.

உறைபனிக்குக் காரணம் இடம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதையொட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அந்த வீட்டின் சைப்ரஸ் வேலி அதற்கு அணை கட்டியிருந்தது. அடுத்த பனிக்காலத்தில் இரண்டு இடத்திலும் குறைந்தபட்ச வெப்பமானி ஒவ்வொன்று மாட்டிப் பார்த்தோம். அந்தப் பருவத்தின் மிகக் குளிர்ந்த இரவில் கீழே மைனஸ் 1 டிகிரி, மேலே 3 டிகிரி. இடையே உயர வித்தியாசம் ஒரு மாடிகூட இருக்காது.

எடுத்த முடிவுகள்

மேல் கன்றைப் பொறுத்தவரை முடிவு எளிது. தண்ணீர், உரம், மருந்து எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும். துளிர் வரும்வரை தொடக்கூடாது. தண்டை விட்டு ஒரு சாண் தள்ளி, காய்ந்த புல்லால் மூடாக்கு மட்டும் போட்டோம். ஏப்ரல் முதல் வாரத்தில் நுனி மொட்டு விரிந்தது.

கீழ்க் கன்றில் நான் தவறினேன். இலையுதிர் மரத்தைத் தூங்கும் பருவத்தில் இடம் மாற்றலாம் என்பது பொதுவான பாடம். அதை நம்பி, அழுகிய வேரை நறுக்கிவிட்டு, கன்றை நடு மட்டத்துக்கு மாற்றச் சொன்னேன். ஆனால் மார்ச் நடுவில் அது தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அடியில் இருந்த மொட்டுகள் பருத்துவிட்டிருந்தன. நானே பார்த்தேன், பார்த்தும் சொன்னேன். வளைந்த ஆணிவேரை எடுக்கும்போது அது முறிந்தது. மே மாதம் இரண்டு இலை விட்டது, ஜூன் மழையில் அந்த இரண்டும் சருகாகித் தொங்கின, உதிரவில்லை. என்ன அர்த்தம் என்று இப்போது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருந்த இடத்திலேயே விட்டு, சமையலறைக் குழாயை மட்டும் திருப்பிவிட்டு, பள்ளத்தைச் சுற்றி வடிகால் எடுத்திருந்தால் பிழைத்திருக்குமா என்றால், பாதி வேர் போன கன்றுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பு அதில்தான் இருந்தது.

இறந்ததற்கு ஈடாக, நைரோபியில் வேலையில் இருக்கும் தன் உறவுப்பெண் வரும்போது பத்து விதை எடுத்துவரச் சொல்லட்டுமா என்று ஆசிரியை கேட்டார். வேண்டாம் என்றேன். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி விதையோ செடியோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அந்நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இது வெறும் காகிதச் சடங்கு அல்ல. எலுமிச்சை இனங்களைத் தாக்கும் பச்சையாதல் நோயின் பாக்டீரியாவுக்கு உறவான வகை ஒன்று, தென்னாப்பிரிக்காவில் இதே மரத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நம் மலைச்சரிவுகளில் ஆரஞ்சும் எலுமிச்சையும் இருக்கின்றன. கைப்பையில் வரும் பத்து விதையால் ஒன்றும் ஆகாமலும் போகலாம், ஆனால் சோதித்துப் பார்க்க நம் தோட்டம் சரியான இடம் கிடையாது. ஆசிரியைக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை.

பின்வந்த ஆண்டுகள்

2017 டிசம்பர் பனிக்கு, தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைச் சுற்றி மிலார் (செடிக்கிளை) குத்தி மறைப்பார்களே, அதே மாதிரி தோட்டக்காரர் மேல் கன்றுக்கும் குத்தினார். தென்பக்கம் மட்டும் திறந்து விட்டார். அந்த வருடமும் அடுத்த வருடமும் நுனி கருகவில்லை. உயரம் நெஞ்சளவு தாண்டியதும் மறைப்பதை விட்டுவிட்டோம்.

2018 இறுதியில் ஒரு காட்டுமாடு வந்து முதுகு தேய்த்ததில் ஒரு பக்கக் கிளை கிழிந்தது. கிழிசலை வழவழப்பாகச் செதுக்கிவிட்டு, நாலு பக்கமும் சில்வர் ஓக் கம்பு நட்டு முள்கம்பி சுற்றினோம்.

2019 ஆகஸ்டில் நீலகிரியைப் புரட்டிப்போட்ட மழை. அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது அப்போதுதான். இந்தப் பள்ளத்தாக்கிலும் கேரட் பாத்தி மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. கல் கலந்த சரிவில் நின்ற மரத்தடியில் ஒரு சொட்டு தேங்கவில்லை. அந்த வருடக் கடைசியிலும் நல்ல மழை. மரம் ஜனவரி முடியும்வரை இலையோடு நின்றது. பிப்ரவரியில் பாதிதான் உதிர்த்தது. ஆசிரியை இப்போது எதிர்த்திசையில் கவலைப்பட்டார். “ஏன் இன்னும் கொட்டல?” என்று போன் செய்தார். ஈரம் இருக்கிறது, கொட்டவேண்டிய அவசியம் அதற்கு இல்லை என்றேன்.

மரம் நன்றாக எழுந்தது 2020-21-இல்தான். ஊரடங்கில் தோட்டக்காரர் வர முடியவில்லை. ஆசிரியை முழங்கால் வலியில் படியிறங்கவில்லை. உரம் இல்லை, கத்திரி இல்லை. 2021 ஜனவரியில் மொட்டையானது, மார்ச் கடைசியில் துளிர்த்தது, அந்த ஒரு பருவத்தில் முழங்கை நீளத்துக்குப் புதுத்தண்டு விட்டது. இதற்கு ஊரடங்குதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். வேர் ஆழம் பிடிக்க நாலைந்து வருடம் எடுத்திருக்கும், அந்தக் காலமும் சரியாக அப்போதுதான் வந்தது.

2024 முடிவில் உயரம் 14 அடி. அடித்தண்டு சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, அங்கங்கே வெளிறிய திட்டுகளோடு, என் முன்கை தடிமனில் இருக்கிறது. இன்னும் பூக்கவில்லை. விதையிலிருந்து வந்த மரம் ஏழெட்டு வருடமாவது எடுக்கும், இரண்டு வருடம் பையிலும் ஒரு வருடம் எங்கள் கையிலும் வீணானதைக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

மாற்றிச் செய்வதானால்

விதை வாங்கிய அன்றே, தாய்மரம் எந்த மாதத்தில் மொட்டையாகிறது என்று அந்தப் பங்களாவின் காவலாளியிடம் கேட்டிருக்கவேண்டும். அவர் தினமும் சருகு கூட்டுகிறவர், அவருக்குத் தெரியாமல் இருக்காது. தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம் ஜூனில், நமக்கு டிசம்பரில். போதாததற்கு நம் மலையில் இரண்டு பருவமழை. அங்கத்திய நாட்காட்டியை வைத்து இங்கே எதுவும் செய்ய முடியாது. உள்ளூர் மரம் ஒன்றின் நடத்தைதான் கணக்கு.

நடும் இடத்தை மண்ணின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ததுதான் முதல் பிழை. ஒரு பனிக்காலம் முழுக்க, விடியற்காலை எழுந்து எந்த மட்டத்தில் புல் வெளுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு நட்டிருக்கலாம். பையில் ஆறேழு மாதத்துக்கு மேல் வைக்காமல், அல்லது நீளமான பைக்கு மாற்றி, ஆணிவேரைக் காப்பாற்றியிருக்கலாம். அக்டோபருக்குப் பிறகு தழைச்சத்து எதுவும் கூடாது. பனியில் கருகுவதற்கென்றே துளிரை வரவழைத்தோம். கருகிய நுனியைப் பங்குனி வரை வெட்டாமல் விட்டிருந்தால், அதுவே கீழ் மொட்டுகளுக்குக் குடையாக இருந்திருக்கும். நகத்தால் சுரண்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். அதைச் செய்யாமல் எட்டு வாரம் வைத்தியம் பார்த்தோம்.

இடம் மாற்றச் சொன்ன என் யோசனையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். பருத்த மொட்டைக் கண்ட பிறகு நான் இப்போது எந்தக் கன்றையும் எடுக்கச் சொல்வதில்லை.

தடுப்புச்சுவர் விவகாரம் மட்டும் இன்னும் தீரவில்லை. பிழைத்த மரம் சுவரிலிருந்து 12 அடியில் நிற்கிறது. வெட்டவெளியில் இதன் தலை அகலமாக விரியும், வேரும் அதற்கேற்ற தூரம் ஓடும். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நீலகிரிக்கும் பொருந்தும். நம் தோட்டத்து மரமானாலும் வேண்டாம் என்று தோன்றிய நாளில் கோடாரி எடுத்துவிட முடியாது, அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதி வேண்டும். 2016-இல் இன்னும் 10 அடி தள்ளி வைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. இப்போதைக்குச் சுவரில் விரிசல் ஏதும் இல்லை. சுவரோரமாகப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பருவமழை முடிந்ததும் தோட்டக்காரர் அளந்து சொல்கிறார்.